அல்ஜியர்ஸ் படத்தைப் பத்தி எழுதப் போறீங்களா, ‘ரெண்டு பக்கமும் சமமா’ங்கற வரியை முதல்ல எடுத்துடுங்க

அரசியல் மோதலைப் பத்தின படம் ஒண்ணை எடுத்து வாதக் கட்டுரை எழுதுங்கன்னு சொன்னா, எழுதுறவங்க பெரும்பாலும் வந்து நிக்கிற இடம் ஒண்ணுதான்: "இயக்குநர் எந்தப் பக்கமும் சாயாம ரெண்டு தரப்பையும் சமமா காட்டியிருக்கார்." சினிமா படிக்கிற பசங்க எழுதுறதைப் படிச்சு ஓரத்துல குறிப்பு எழுதிக் குடுக்குறது என் வேலைல ஒரு பகுதிங்கறதால இந்த வரியை நான் நிறையவே பாத்துட்டேன், எந்த நாட்டுப் படமா இருந்தாலும் சரி, எந்த சண்டையா இருந்தாலும் சரி, இதே வரி வந்துடும். எழுதுறவங்களுக்கு அதுல ஒரு நிம்மதி இருக்கு, யாரையும் பகைச்சுக்க வேண்டாம், மார்க் குறையாது, பக்குவமா எழுதின மாதிரியும் தெரியும். ஆனா அது வாதம் இல்ல. அதே படத்தை உங்க அளவுக்கே கவனமா பாத்த இன்னொருத்தர் "இல்லங்க, இதை நான் ஒத்துக்க மாட்டேன்"னு எந்திரிச்சு நின்னு பேச முடியணும், அப்பதான் அது வாதம். "போர் கொடுமையானதுன்னு இந்தப் படம் சொல்லுது"ன்னு எழுதினா யாரு எந்திரிப்பா?

இதை விளக்குறதுக்கு நான் எப்பவும் எடுக்குற படம் ‘தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்’. 1966ல வந்த கருப்பு வெள்ளைப் படம். இயக்குநர் ஜில்லோ பொன்டெகோர்வோ, இத்தாலிக்காரர், யூதக் குடும்பத்துல பொறந்து, ரெண்டாம் உலகப் போர் நேரத்துல பாசிஸ்டுகளை எதிர்த்து தலைமறைவா வேலை செஞ்சவர். திரைக்கதை பிராங்கோ சொலினாஸ். அல்ஜீரியாவை பிரான்ஸ் 1830ல பிடிச்சது, 1954 நவம்பர் 1ஆம் தேதி எஃப்எல்என், அதாவது தேசிய விடுதலை முன்னணி, ஆயுதம் எடுத்துச்சு, 1962ல சுதந்திரம் வந்துச்சு. இதுல தலைநகர் அல்ஜியர்ஸ்ல, குறிப்பா காஸ்பாங்கற அந்தப் பழைய நகரத்து சந்துகள்ல 1954ல இருந்து 1957 வரைக்கும் நடந்ததுதான் படத்தோட மையம். வெனிஸ் விழாவுல தங்கச் சிங்கம் விருது வாங்கிச்சு, அங்க வந்திருந்த பிரெஞ்சுக் குழு எந்திரிச்சுப் போயிடுச்சு, பிரான்ஸ்ல அதுக்கப்புறம் பல வருஷம் அந்தப் படத்தைத் திரையிடவே முடியல.

இதைப் பாத்துட்டும் ‘சமமா காட்டியிருக்கார்’னு எழுதுறவங்க ஏன் எழுதுறாங்கன்னு எனக்குப் புரியுது, அதுக்கு ஒரு காட்சி காரணம். மூணு பெண்கள் கண்ணாடி முன்னாடி உக்காந்து முடியை வெட்டி, ஐரோப்பியப் பெண்கள் மாதிரி உடை மாத்திக்கிட்டு, கூடைலயும் பையிலயும் வெடிகுண்டை வெச்சுக்கிட்டு, ராணுவச் சோதனைச் சாவடியைத் தாண்டி பிரெஞ்சுக்காரங்க இருக்குற பகுதிக்குப் போறாங்க. மத்தளம் மாதிரி ஒரு தாளம் மட்டும் பின்னாடி ஓடிட்டே இருக்கும், வசனம் கிட்டத்தட்ட கிடையாது. அதுல ஒருத்தி கஃபேக்குள்ள போறா, பையைக் கால்கிட்ட வெச்சுக் கால்லயே உள்ள தள்ளுறா, தள்ளிட்டு நிமிர்ந்து சுத்திப் பாக்குறா. அந்த நிமிஷம் கேமரா அவளோட கண்ணா மாறிடும். பேசிட்டிருக்குற ஆளுங்க, சிரிக்கிற பொண்ணுங்க, அப்புறம் ஐஸ்க்ரீம் சாப்பிட்டுட்டிருக்குற ஒரு சின்னக் குழந்தை, அது முகத்துல கேமரா கொஞ்சம் நிக்கும். இன்னொரு கடையில இளசுங்க பாட்டுப் போட்டு ஆடிட்டிருக்காங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல இவங்கல்லாம் என்ன ஆகப் போறாங்கன்னு நமக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், சுவத்துல கடிகாரம் ஓடுது.

விடுதலைப் போராட்டத்தை ஆதரிக்கிற படம், எஃப்எல்என்னோட நகரப் படைக்குத் தலைவரா இருந்த யாசெஃப் சாதியே தயாரிப்புல இருந்த படம், அந்தக் குழந்தை முகத்தைக் காட்டணும்னு என்ன கட்டாயம்? காட்டாம விட்டிருந்தா யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. காட்டியிருக்காங்க. வெடிச்சதுக்கப்புறம் இடிபாட்டுக்குள்ள கிடக்குற ஐரோப்பியர்களைக் காட்டும்போது, முன்னாடி காஸ்பால செத்த அரபுக் குடும்பங்களைத் தூக்கும்போது வந்த அதே துக்க இசைதான் வருது. குதிரைப் பந்தய மைதானத்துல குண்டு வெடிச்சதும் அங்க இருந்த ஒரு அரபுச் சிறுவனை கும்பல் சேந்து அடிக்கும், அவனைக் காப்பாத்தி எடுக்குறது ஒரு பிரெஞ்சு போலீஸ்காரர். இதையெல்லாம் பாத்துட்டு ஒரு இருபது வயசுப் பொண்ணோ பையனோ ‘ரெண்டு பக்கமும் சமம்’னு எழுதறதுல ஆச்சரியம் இல்ல.

ஆனா அந்த கஃபே காட்சி படத்துல எங்க வருதுன்னு பாருங்க. வாதக் கட்டுரை அங்கதான் ஆரம்பிக்குது.

முதல்ல ஜெயில். அலி லா பாயிண்ட்ங்கற ஏழை வாலிபன், சின்னச் சின்னக் குற்றத்துக்கு உள்ள போனவன், ஜன்னல் வழியா ஒரு கைதியை கில்லட்டினுக்கு, அதாவது தலையை வெட்டுற மேடைக்கு, கூட்டிட்டுப் போறதைப் பாக்குறான். அப்புறம் அவன் இயக்கத்துல சேருறான். அப்புறம் தெருவுல போலீஸ்காரங்களைச் சுடுறாங்க, எந்த நேரம்னு எழுத்துல போட்டுப் போட்டுக் காட்டும் படம், ஈவு இரக்கமில்லாமதான் காட்டும். அதுக்கப்புறம் ஒரு போலீஸ் அதிகாரி வீட்ல விருந்து, குடும்பம் குழந்தைங்கன்னு எல்லாரும் இருக்காங்க, அங்க இருந்து அவரும் நண்பர்களும் காரை எடுத்துக்கிட்டு ஊரடங்கு நேரத்துல காஸ்பாக்குள்ள போறாங்க, காவலுக்கு நிக்கிறவங்க ஆளை அடையாளம் தெரிஞ்சு வழி விடுறாங்க, மக்கள் தூங்கிட்டிருக்குற வீட்டுக்குக் கீழ குண்டை வெச்சுட்டு வர்றாங்க. இது கற்பனை இல்ல, 1956 ஆகஸ்ட் 10ஆம் தேதி ரூ த தெப்ங்கற தெருவுல அங்க குடியேறியிருந்த ஐரோப்பியர்கள்ல தீவிரமானவங்க வெச்ச குண்டுல காஸ்பா மக்கள் பல பேர் செத்தாங்க. விடிஞ்சதும் இடிபாட்டுக்குள்ள இருந்து சின்னக் குழந்தைங்களைத் தூக்கிட்டு வர்றாங்க. இதுக்கு அடுத்துதான் கண்ணாடி முன்னாடி அந்த மூணு பெண்கள். நிஜத்துலயும் மில்க் பார் கஃபே குண்டு வெடிச்சது அதுக்கப்புறம்தான், 1956 செப்டம்பர் 30.

ஆக, ஐஸ்க்ரீம் சாப்பிடுற அந்தக் குழந்தையை நாம பாக்கும்போது நம்ம கண்ணுல ஏற்கனவே இன்னொரு குழந்தையோட உடம்பு இருக்கு. படம் தன்னோட கட்சியை எடுக்குறது இந்த வரிசைலதான். ஒரு தரப்போட சாவை மறைச்சு இன்னொரு தரப்பைத் தூக்கல, ரெண்டு சாவையும் காட்டிட்டு, எது எதுக்கு அப்புறம் வந்துச்சுன்னு மட்டும் சொல்லுது. முகம் குடுக்குற விஷயத்துல படம் நியாயமா இருக்கு, வரிசைப்படுத்துறதுல நடுநிலையா இல்ல, நடுநிலையா இருக்க விரும்பவும் இல்ல. என்னைக் கேட்டா இதுதான் இந்தப் படத்தைப் பத்தி எழுதத் தகுந்த வாதம். இதை ஒருத்தர் மறுக்கலாம் பாருங்க, "அது சும்மா சரித்திரத்துல நடந்த வரிசைதானே, இயக்குநர் என்ன பண்ணுவார்"னு கேக்கலாம். அதுக்கு நீங்க பதில் சொல்லணும், படம் 1954ல ஆரம்பிக்கல, 1957 அக்டோபர்ல ஆரம்பிக்குதுன்னு எடுத்துக் காட்டணும்.

ஆமா, படத்தோட முதல் காட்சி. சட்டையில்லாம, உடம்பு நடுங்க, எலும்பும் தோலுமா ஒரு அல்ஜீரியர் உக்காந்திருக்கார். சித்திரவதை முடிஞ்சிருச்சு, அவர் வாயைத் திறந்துட்டார். சுத்தி நிக்கிற பாராசூட் படை வீரர்கள் அவர்கிட்ட கொடூரமா எல்லாம் பேசல, காபி குடுக்கச் சொல்றாங்க, அவருக்கு பிரெஞ்சு ராணுவ உடுப்பை மாட்டி, தலையில தொப்பி வெச்சு, வா போலாம்ங்கறாங்க. அவர் அழறார், ஜன்னலைப் பாத்து ஓடுறார், பிடிச்சு அமுக்குறாங்க. அங்க இருந்து அலி ஒளிஞ்சிருக்குற சுவருக்குப் போறாங்க, அந்த சுவத்துக்குப் பின்னாடி இருந்துதான் கதை மூணு வருஷம் பின்னால போகுது. இயக்குநர் எந்த இடத்துல வேணும்னாலும் ஆரம்பிச்சிருக்கலாம், எஃப்எல்என்னோட முதல் துப்பாக்கிச் சூட்டுல ஆரம்பிச்சிருக்கலாம், அவர் தேர்ந்தெடுத்தது சித்திரவதை முடிஞ்ச அறையை. அப்புறம் வர்ற அத்தனையும் அந்த அறைக்குள்ள இருந்து திரும்பிப் பாக்குற பார்வைதான். வரிசை சரித்திரத்தோடது மட்டும் இல்ல, இயக்குநரோடதும்தான்னு சொல்றதுக்கு இதைவிட வலுவான ஆதாரம் படத்துக்குள்ள கிடைக்காது.

இன்னொரு விஷயம், நிறைய பேர் ‘டாக்குமெண்டரி மாதிரி இருக்கு’ன்னு ஒரு வரி எழுதிட்டு அடுத்த பத்திக்குப் போயிடுறாங்க. ஏன் அப்படி இருக்கு, அதனால என்ன ஆகுதுன்னு எழுதுங்க. ஒளிப்பதிவாளர் மார்செல்லோ கத்தியும் பொன்டெகோர்வோவும் வேணும்னேதான் படத்தைச் சொரசொரப்பா, செய்திப் படம் மாதிரி ஆக்கினாங்க, தூரத்துல இருந்து டெலிபோட்டோ லென்ஸ்ல எடுத்தாங்க, தொழில்முறை நடிகர்களுக்குப் பதிலா ஊர் மக்களை நடிக்க வெச்சாங்க. இதுல செய்திச் சுருள் ஒரு அடி கூட இல்லன்னு அமெரிக்காவுல வெளியிட்டப்ப முன்னாடியே எழுத்துப் போட வேண்டியிருந்துச்சு, அந்த அளவுக்கு நிஜமா இருந்துச்சு. இதோட விளைவு என்னன்னா, யாரோ தெருவுல நின்னு எடுத்த மாதிரி தெரியும்போது நாம வரிசையைக் கேள்வி கேக்க மறந்துடுறோம். அந்தச் சொரசொரப்பும் வாதத்துல ஒரு பகுதி, அதையும் உங்க கட்டுரை பிரிச்சுக் காட்டணும்.

இப்ப கர்னல் மாத்யூ. நிஜத்துல 1957 ஜனவரில ஜெனரல் மசுவோட 10ஆவது பாராசூட் டிவிஷன்கிட்ட நகரத்தோட போலீஸ் அதிகாரத்தைக் குடுத்தாங்க. படத்துல மாத்யூ பல பிரெஞ்சு அதிகாரிகளைச் சேத்துச் செஞ்ச பாத்திரம், நடிச்சவர் ழான் மார்ட்டின், படத்துல முக்கிய வேஷங்கள்ல தொழில்முறை நடிகர்னா இவர் ஒருத்தர்தான். அல்ஜீரியப் போரை எதிர்த்து 1960ல பிரெஞ்சு எழுத்தாளர்களும் கலைஞர்களும் வெளியிட்ட 121 பேர் அறிக்கைல கையெழுத்துப் போட்டவர் அவர். அப்படிப்பட்டவர் அந்தக் கர்னலை எவ்வளவு கம்பீரமா, எவ்வளவு புத்திசாலியா செஞ்சிருக்கார்னு பாக்கணும். போர்டுல முக்கோணம் வரைஞ்சு, இயக்கத்துல ஒவ்வொருத்தனுக்கும் மூணே பேரைத்தான் தெரியும், தன்னைச் சேத்தவன் ஒருத்தன், தான் சேத்தவங்க ரெண்டு பேர்னு ஒரு வாத்தியார் மாதிரி பாடம் எடுப்பார். பத்திரிகைக்காரங்க சித்திரவதை பத்திக் கேக்கும்போது அவர் மழுப்ப மாட்டார், திருப்பிக் கேப்பார்: பிரான்ஸ் அல்ஜீரியாவுல இருக்கணுமா வேண்டாமா? இருக்கணும்னு சொன்னீங்கன்னா, அதோட விளைவு எல்லாத்தையும் நீங்க ஏத்துக்கணும்.

இந்த இடத்தை ‘வில்லனையும் மனுஷனா காட்டியிருக்கார்’னு எழுதிட்டுப் போறது பெரிய வீணடிப்பு. மாத்யூ கெட்டவனா இருந்திருந்தா படம் பாக்குற பிரெஞ்சுக்காரர் ‘ச்சே இவன் ஒரு மிருகம், நாங்க இப்படி இல்ல’ன்னு தப்பிச்சுப் போயிருப்பார். மாத்யூ நல்ல அதிகாரி, மரியாதையானவர், நாஜிகளை எதிர்த்துப் போராடின தலைமுறையைச் சேர்ந்தவர். அப்படிப்பட்டவரே இதைச் செய்யறார்னா குற்றம் ஒரு ஆளோட குணத்துல இல்ல, அல்ஜீரியாவை வெச்சுக்கணும்ங்கற முடிவுல இருக்குன்னு ஆகுது. அந்தக் கேள்வி அறைல இருக்குற பத்திரிகைக்காரங்களைத் தாண்டி தியேட்டர்ல உக்காந்திருக்குறவங்களுக்குப் போகுது. பிரான்ஸ்ல இந்தப் படம் ஏன் அவ்வளவு வருஷம் பொறுக்க முடியாததா இருந்துச்சுன்னு இதுலயே பாதி விளங்கிடும்.

எதிர்வாதத்துக்கு வருவோம், இங்கதான் பல கட்டுரைகள் சொதப்பும். ஒரு மாணவி போன்ல கேட்டா, "அக்கா, படத்துல சித்திரவதை பண்ணிதானே எல்லாரையும் பிடிக்கிறாங்க? அப்ப அது வேலை செய்யுதுன்னுதானே படம் சொல்லுது? என் வாதமே உடைஞ்சு போகுதே." நான் சொன்னேன், "உடைஞ்சு போகலம்மா, அதையே உன் கட்டுரைக்கு நடுவுல வை. இதை நீ எழுதலன்னா வேற யாராவது கேப்பாங்க." அவ கேட்டது சின்னக் கேள்வி இல்ல. 2003 ஆகஸ்ட்ல, ஈராக் போர் ஆரம்பிச்ச கொஞ்ச மாசத்துல, அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன்லயே இந்தப் படத்தைத் திரையிட்டாங்க, பயங்கரவாதத்துக்கு எதிரான சண்டைல ஜெயிச்சும் கருத்துப் போர்ல எப்படித் தோக்குறதுங்கற மாதிரி ஒரு அழைப்போட. அதே படத்தை அதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடி அமெரிக்கக் கருப்பின மக்களோட புரட்சி அமைப்பான பிளாக் பாந்தர்ஸ் தங்களோட பாடமா பாத்தாங்க. ஒரே படத்தை ரெண்டு எதிர் முகாமும் பாடப் புத்தகமா எடுத்துக்கிட்டாங்கன்னா அது எப்படின்னு விளக்குறது உங்க பொறுப்பு.

என்னோட பதில் படத்தோட கடைசிப் பகுதில இருக்கு. 1957 அக்டோபர்ல அலியைச் சுவரோட சேத்து வெடி வெச்சுத் தகர்க்குறாங்க, எஃப்எல்என் நகர அமைப்பு முடிஞ்சு போச்சு, மாத்யூ ஜெயிச்சுட்டார். ஒரு சாதாரண திரைக்கதைல அங்க படம் முடிஞ்சிருக்கும். இங்க படம் 1960 டிசம்பருக்குத் தாவுது, எந்தத் தலைவரும் இல்லாம, எந்த முக்கோணமும் இல்லாம, காஸ்பா மக்கள் கொடியோட தெருவுல இறங்குறாங்க, ஏன் இப்ப, யார் சொல்லின்னு யாருக்கும் தெரியல. சித்திரவதை பெயர்களை வாங்கிக் குடுத்துச்சு, நாட்டை வாங்கிக் குடுக்கலன்னு படம் சொல்றது அந்தத் தாவல் மூலமாத்தான். நடுவுல இருக்குற மூணு வருஷத்தை வெட்டினது ஒரு எடிட்டிங் முடிவு, அந்த முடிவு ஒரு அரசியல் முடிவும்கூட. ஆனா அந்த வெட்டு எல்லாத்தையும் விளக்கிடல, அந்த மூணு வருஷத்துல என்ன நடந்துச்சு, மக்கள் எப்படி எந்திரிச்சாங்கன்னு படம் காட்டல, ஏதோ இயற்கையா நடந்த மாதிரி விட்டுடுது. இதை ஒரு பலவீனம்னு யாராவது எழுதினா நான் முழு மனசோட ஏத்துக்குவேன்.

படம் விட்டுட்டுப் போனதையும் எழுதணும். 1957 மே மாசம் மெலூஸாங்கற இடத்துல, மெஸாலி ஹாஜோட எதிர் இயக்கத்துக்கு ஆதரவானவங்கன்னு சொல்லி கிராமத்து ஆண்களை எஃப்எல்என்காரங்க கூட்டமா கொன்னாங்க, அது படத்துல இல்ல. நகரத்துக்கு வெளில நடந்ததுன்னு ஒரு பதில் சொல்லலாம், ஆனா அல்ஜீரியர்களுக்குள்ளயே ஒரு ரத்தச் சண்டை நடந்துச்சுங்கற வாசனையே படத்துல கிட்டத்தட்ட வராது, மக்கள்னா எஃப்எல்என், எஃப்எல்என்னா மக்கள்னு ஆயிடுது. தயாரிப்புல யாசெஃப் சாதி, அவரே தன்னை மாதிரியான ஒரு பாத்திரத்துல நடிக்கவும் செஞ்சிருக்கார்ங்கும்போது இந்த மௌனம் யாருக்கு வசதிங்கற கேள்வி வரத்தான் செய்யும். படம் எடுத்த அதே 1965லதான் ராணுவத் தலைவர் பூமெதியேன் புரட்சி பண்ணி அல்ஜீரிய அதிபர் பென் பெல்லாவைப் பதவியிலருந்து இறக்குனார். இதை எழுதுறதால படம் சின்னதா ஆயிடாது, உங்க வாதம்தான் கெட்டியாகும்.

எனக்கு இன்னும் பெருசா படுற குறை பெண்கள் விஷயம். அந்த மூணு பேரும் படத்துலயே மறக்க முடியாத காட்சியைச் சுமக்குறாங்க, ஆனா முடிவெடுக்குற இடத்துல அவங்க இல்ல, அவங்களுக்குள்ள என்ன பேசிக்கிட்டாங்கன்னு தெரியாது. மில்க் பார்ல நிஜமா குண்டு வெச்ச ஸோரா திரிஃப் சட்டம் படிச்சிட்டிருந்த மாணவி, அவங்களுக்குச் சொல்ல நிறைய இருந்திருக்கும். சித்திரவதைக் காட்சில திரைல துடிக்கிறவங்க ஆண்கள், பெண்கள் அங்க கண்ணீரா மட்டும் நிக்கிறாங்க. நிஜத்துல பெண்களும் அந்த அறைகளுக்குள்ள இருந்தாங்க, லூயிஸெத் இகிலஹ்ரீஸ் தனக்கு நடந்ததை 2000ஆம் வருஷம் ‘லெ மோந்த்’ பத்திரிகைல வெளிப்படையா சொன்னப்பதான் பிரான்ஸே திரும்பிப் பாத்துச்சு. இதை மட்டுமே எடுத்து ஒரு முழுக் கட்டுரை எழுதலாம், யாராவது எழுதினா நான் ஆசையா படிப்பேன்.

தமிழ்ல படிக்கிறவங்களுக்குத் தனியா ஒண்ணு சொல்லணும். இந்தப் படத்தைப் பாக்கும்போது நம்மள்ல பல பேருக்கு ஈழம் ஞாபகம் வராம இருக்காது, எனக்கும் வருது, சோதனைச் சாவடில நிக்கிற பெண்ணைப் பாக்கும்போது நெஞ்சு அடைக்குது. ஆனா அந்த உணர்ச்சியைக் கட்டுரைக்குள்ள ஒப்பீடா இறக்கினீங்கன்னா ரெண்டு வரலாறும் தெளிவில்லாம போயிடும். அல்ஜீரியாவுல குடியேறின ஐரோப்பியர்கள் கிட்டத்தட்ட பத்து லட்சம் பேர், கடல் தாண்டி இன்னொரு நாட்டோட சட்டத்துல வாழ்ந்தவங்க, 1962ல பெரும்பாலும் கப்பல் ஏறிப் போயிட்டாங்க, அந்த அமைப்பே வேற. நம்ம வலியோட கண்ணால பாருங்க, எழுதும்போது அல்ஜீரியாவைப் பத்தி எழுதுங்க, அதுதான் அந்த மக்களுக்குக் குடுக்குற மரியாதை.

எழுதுற முறை பத்தி அதிகம் சொல்லப் போறதில்ல. கதைச் சுருக்கத்தை ஒரு பத்திக்கு மேல போக விடாதீங்க. ஒரு காட்சியைச் சொன்னா எந்த ஷாட், யாரோட முகம், என்ன சத்தம்னு சொல்லுங்க, ‘உணர்ச்சிபூர்வமா இருந்துச்சு’ன்னு எழுதினா படிக்கிறவருக்கு எதுவும் தெரியாது. சரித்திரத் தகவலை, படம் காட்டினதுக்குப் பக்கத்துலயே வெச்சு எழுதுங்க, முன்னுரைல நாலு பத்தி வரலாறு போட்டுட்டு அப்புறம் அதைத் தொடாம போறவங்கதான் அதிகம்.

உதாரணத்துக்கு லார்பி பென் மிஹிதி. எஃப்எல்என்னோட பெரிய தலைவர், 1957 பிப்ரவரில பிடிபட்டார், அறைல தூக்கு மாட்டிக்கிட்டார்னு அரசாங்கம் சொல்லுச்சு. படத்துல அதுக்கப்புறம் வர்ற பத்திரிகையாளர் சந்திப்புல ஒருத்தர் எந்திரிச்சுக் கேப்பார்: கையும் காலும் கட்டி வெச்சிருந்ததா அரசுத் தரப்புல முன்னாடி சொன்னாங்க, அப்படி இருக்குறவர் சட்டையைக் கிழிச்சு, கயிறாக்கி, எப்படித் தொங்கினார்? மாத்யூ, அதை அறிக்கை குடுத்தவர்கிட்டதான் கேக்கணும், அதைக் குடுத்தது நான் இல்லன்னு சொல்லிட்டு, அந்த மனுஷனோட துணிச்சல் மேல தனக்கு மரியாதை இருந்துச்சும்பார். படம் இதை 1966ல கேட்டுச்சு. ஜெனரல் பால் ஓசாரெஸ் தன்னோட நினைவுக் குறிப்புல ஆமா நாங்கதான் கொன்னோம்னு 2001ல எழுதினார். பிரான்ஸ் அதிபர் மக்ரோன் 2024 நவம்பர் 1ஆம் தேதி, பென் மிஹிதியைக் கொன்னது பிரெஞ்சு ராணுவத்தினர்தான்னு அதிகாரப்பூர்வமா ஒத்துக்கிட்டார். இந்த மூணு தேதியையும் அந்த ஒரு காட்சிக்குப் பக்கத்துல வெச்சு எழுதிட்டு, ‘இந்தப் படம் ரெண்டு பக்கமும் சாயல’ங்கற உங்க பழைய வரியை அதுக்குக் கீழ எழுத முடியுதான்னு பாருங்க.